ஒரு பனைமரம், ஒரு சுண்டெலி, நாங்க ஏழு பேர்

எங்க டீமில் ஏழு பேர். ஆறு பேர் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழ. ஏழாவது ஆள் மட்டும் ஐந்தடி எட்டு. அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜி.எஸ். தான். கோல் ஷூட்டர் நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் துணியில் இருக்கிற இரண்டெழுத்து அப்படியே அவளுக்குப் பெயராகிவிட்டது. தோட்டத்தில் ஜி.எஸ். என்றால் கிராம சேவகர். பீலிக்கரையில் ஒரு பாட்டி எங்களிடம் ஒருநாள், "ஜி.எஸ்.ஸ நீங்க தெனம் பார்க்கிறீங்களே, எனக்கொரு வதிவிடக் கடிதாசி வாங்கிக் குடுங்க புள்ள" என்று சீரியஸாகவே கேட்டது. நாங்க தண்ணிக் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தோம். ஜி.எஸ். சிரிக்கவில்லை. அவள் அப்போது கூன் போட்டு நடந்துகொண்டிருந்த காலம். லயத்துக் கதவுக்குக் குனிந்து குனிந்து, வெளியே வந்த பிறகும் நிமிராமல் நடப்பாள். "கொக்கு", "ஏணி", "லைட் போஸ்ட்" எல்லாம் கேட்டுக் கேட்டு முதுகு தானா வளைந்துபோச்சு.

திம்புள்ளப் பக்கம் தெரிந்தவர்களுக்கு எங்க ஊர்ச் சமதரைப் பஞ்சமும் தெரிந்திருக்கும். மலை, மலைக்கு மேல தேயிலை, தேயிலைக்கு நடுவில் லயம். சமமான இடம் என்றால் ஸ்டோர் வாசல், பிரட்டுக்களம், கோயில் முற்றம். இந்தப் பிரதேசத்திலேயே நல்ல விரிந்த புல்தரை ரதல்லயில் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆட மலையைச் சீவி உண்டாக்கினது. மலையைச் சீவினது யார் கை என்று நாங்க சொல்ல வேண்டியதில்லை. எங்க பள்ளிக்கூட கிரவுண்டோ ஒரு பக்கம் சரிந்திருக்கும். வலைப்பந்து மைதானம் முப்பதரை மீட்டர் நீளம் இருக்கணும் என்று சட்டம். எங்களுக்கு அந்த நீளத்துக்கு நிலமே இல்லை. கம்பமும் ஒன்றுதான், அதுவும் கொஞ்சம் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்தது. பாஸ் தவறினால் பந்து தேயிலைக்குள் உருண்டு கீழே ஓடை வரைக்கும் போயிடும். யார் தவறவிட்டாங்களோ அவங்கதான் இறங்கிப் போய் எடுக்கணும். மழைக்காலத்தில் அட்டை. அந்த அட்டைக்குப் பயந்தே நாங்க நல்லாப் பாஸ் போடப் படித்தோம் என்று இப்பவும் சொல்லிக்கொள்வோம்.

வலைப்பந்து என்னவோ "பொம்பளப் புள்ளைங்க விளையாட்டு" என்று ஓரமாக வைக்கிற ஒன்று. ஆனால் அது கூடைப்பந்தின் சொந்தத் தங்கச்சி. 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடையைச் சுவரில் அடித்துத் தொடங்கிய விளையாட்டு, சில வருஷத்திலேயே இங்கிலாந்துப் பெண்கள் கல்லூரிக்குப் போய், நீளப் பாவாடையோடு ஓட முடியாத பெண்களுக்காகச் சட்டம் மாற்றப்பட்டு, வேறொன்றானது. அவுஸ்திரேலியாவில் 1970 வரைக்கும் இதற்குப் பெயரே பெண்கள் கூடைப்பந்துதான். இதில் எங்களுக்குப் பிடித்த ஒரு தகவல்: நாட்டுக்கு நாடு வேறுவேறாக இருந்த சட்டங்களை ஒன்றாக்க 1960இல் பல நாட்டுக்காரர்கள் கூடிய இடம் கொழும்பு. உலகம் முழுக்க இன்றைக்கு ஆடுகிற வலைப்பந்தின் பொதுச் சட்டத்துக்கு எங்க நாட்டில்தான் பிள்ளையார் சுழி. சாயத்தண்ணி குடித்துக்கொண்டுதான் எழுதியிருப்பாங்க. யார் பறித்த கொழுந்தோ.

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கூடைப்பந்தில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடலாம். அப்படித் தட்டிக்கொண்டு வந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, யாருக்குப் பந்து போகணும் என்று முடிவெடுக்கிறவருக்கு பாயிண்ட் கார்ட் என்று பெயர். பெரும்பாலும் அணியிலேயே குட்டையான ஆள். வலைப்பந்தில் தட்டி ஓட முடியாது. பந்து கைக்கு வந்தால் மூன்று செக்கன், அதற்குள் கொடுத்துவிடணும். அதனால் பாயிண்ட் கார்டின் வேலை ஒருத்தியிடம் நிற்காது, சென்டர், விங் அட்டாக், கோல் அட்டாக் என்று மூன்று நான்கு பேர் பிரித்துச் சுமக்கணும். சுமந்து கொண்டுபோய்க் கடைசியில் கோல் ஷூட்டர் கையில் வைக்கணும். வளையம் பத்தடி உயரத்தில். பின்பலகை கிடையாது, ஆகவே பட்டுத் திரும்பி விழும் அதிர்ஷ்டமும் கிடையாது.

எங்க மிஸ் ஒருநாள் ஒரு பழைய பேப்பர் துண்டைக் கொண்டுவந்து ஜி.எஸ். கையில் கொடுத்தார். நீலச் சட்டை போட்ட ஒரு அக்கா. அவரைச் சுற்றி நிற்கிறவர்கள் அவர் நெஞ்சு உயரம்கூட இல்லை. பந்தை அவர் பிடித்திருக்கிற உயரத்துக்கு மற்றவர்களின் கை நீண்டும் எட்டவில்லை. "இவங்க ஆறடி பத்து. தமிழ்ப் புள்ள" என்றார் மிஸ். வேறொன்றும் சொல்லவில்லை. ஜி.எஸ். அந்தத் துண்டைப் பல நாள் கணக்குக் கொப்பிக்குள் வைத்திருந்தாள்.

அதுதான் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்தில் புன்னாலைக்கட்டுவன் பக்கம் ஈவினை என்கிற ஊர். உலகத்திலேயே உயரமான வலைப்பந்து வீராங்கனை என்று எழுதாத பத்திரிகை இல்லை. போர் நடந்த மண்ணிலிருந்து வந்து, சிங்களம் பேசுகிற ஒரு தேசிய அணிக்குள் நுழைந்து, 2009இல் மலேசியாவில் நடந்த ஆசியக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது கோல் வளையத்துக்குக் கீழே நின்றவர் அவர்தான். போர் முடிந்த அதே 2009. அந்த வருஷம் தமிழர் பற்றி வந்த செய்திகள் எப்படி இருந்தன என்று எங்க வயசுக்காரர்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். அதற்கு நடுவில் கிண்ணத்தோடு சிரித்த தமிழ் முகம் என்றதும் அவரை உடனே "ஒற்றுமையின் சின்னம்" ஆக்கிவிட்டார்கள். எங்களுக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அவர் ஆடினது வலைப்பந்து. ஒரு ஆளின் தோளில் ஒரு நாட்டின் முழுக் குற்றவுணர்ச்சியையும் ஏற்றிவிடுவதற்கு அந்தத் தோள் உயரமா இருந்தது ஒரு வசதி, அவ்வளவுதான்.

ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம். யூடியூபில் அவருடைய பழைய மேட்ச்களைத் தேடித் தேடிப் பார்த்தோம். ஒரே ஃபோன், ஏழு தலை, தலவாக்கலைப் பக்கம் முகம் திருப்பி வைத்தால்தான் சிக்னல். முதலில் பார்க்கும்போது இதென்ன லேசான வேலை என்று தோன்றும். வளையத்துக்குக் கீழே நிற்கிறார், கை தூக்குகிறார், பந்து வருகிறது, திரும்பிப் போடுகிறார், கோல். திரும்பவும் அதே. ஆனால் பத்துத் தடவை பார்த்த பிறகு வேற சில விஷயங்கள் தெரிய ஆரம்பித்தது. அவருடைய கால். தடுக்கிறவள் முன்னால் வந்து நிற்கும்போது, அவர் இடுப்பையும் முதுகையும் வைத்து அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். அத்தனை உயரமான உடம்பை ஒரு காலில் நிறுத்தி, கோட்டைத் தாண்டாமல் சாய்ந்து பிடிக்கிறார். இரண்டு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். ஒரு மணி நேர ஆட்டம், நான்கு கால்பகுதி, ஒவ்வொரு பந்துக்கும் தள்ளு. உயரம் கடவுள் கொடுத்தது என்று வைத்துக்கொண்டாலும், நூறு தடவை போட்டால் தொண்ணூறுக்கு மேல் உள்ளே விழுவது கடவுள் கொடுத்ததில்லை.

இன்னொன்றையும் கவனித்தோம். பந்தை அவருக்குக் கொடுக்கிற குட்டைப் பெண்கள். கேமராவில் ஒரு செக்கன்தான் தெரிவார்கள். அவருடைய கை விரலுக்கும், பின்னால் இருக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம். பந்து அங்கேதான் விழணும். கொஞ்சம் கீழே போனால் தடுக்கிறவள் தட்டிவிடுவாள், கொஞ்சம் மேலே போனால் வெளியே. "தர்ஜினி இல்லாட்டி இலங்கை டீம் ஒண்ணுமில்ல" என்று கமெண்டில் எழுதியிருந்தார்கள். பாதி உண்மை. அந்தப் பெண்கள் இல்லாட்டி தர்ஜினியும் கை தூக்கிக்கொண்டு சும்மா நின்றிருக்கணும்.

2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த ஷூட்டர் அவர். பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போய் மெல்பேர்னில் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் கழகத்துக்கு ஆடினார். இலங்கையிலிருந்து ஒரு பெண் வலைப்பந்து ஆடுவதையே தொழிலாக வைத்துக் கடல் தாண்டிப் போவது சின்ன விஷயமில்லை. எங்க ஊரிலிருந்து கடல் தாண்டுகிற பெண்கள் எந்தத் தொழிலுக்குப் போகிறார்கள் என்று யோசித்தால் தெரியும். இடையில் ஆசியக் கிண்ணம் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போச்சு. ஒன்பது வருஷம் கழித்து, 2018 செப்டெம்பரில், சிங்கப்பூரில் வைத்தே சிங்கப்பூரை 69க்கு 50 என்று அடித்து இலங்கை அதைத் திரும்ப எடுத்தது. வளையத்துக்குக் கீழே அதே ஆள். அடுத்த வருஷம் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் பெரிய அணிகளிடம் இலங்கை பெரிய வித்தியாசத்தில் தோற்றது, பட்டியலில் கடைசிக்குக் கிட்ட நின்றது. ஆனால் அந்தத் தொடரில் அதிகக் கோல் போட்டவர்களில் முதல் பெயர் தர்ஜினி. கடைசிக்குக் கிட்ட நிற்கிற அணியிலிருந்து முதல் பெயர். இப்படி ஒரு ஆள் கிரிக்கெட்டில் இருந்திருந்தால் எத்தனை சிலை வைத்திருப்பாங்க.

ஜி.எஸ்.ஸின் அப்பாவுக்கு இந்தக் கதையில் பெரிய ஈடுபாடு இல்லை. "அது யாழ்ப்பாணத்துப் புள்ள. நமக்கென்ன" என்பார். அவர் சொன்னதில் ஒரு வலி இருக்கு. "தோட்டக்காட்டான்" என்கிற சொல்லை எங்களுக்கு முதலில் சொன்னவர்கள் சிங்களவர்கள் மட்டுமில்லை. தமிழ்ப் புள்ள என்றதும் எல்லாரும் ஒன்றாகிவிடுவதில்லை. ஆனாலும் எங்களுக்கு வேற யார் இருக்கா? முரளி கண்டிக்காரர், மலைநாடு, சரி. அவர் ஆம்பள. பேப்பரில் நீலச் சட்டையோடு வந்த ஒரே தமிழ்ப் பெண்ணை நாங்க கேட்காமலே சொந்தமாக்கிக்கொண்டோம். பின்னாளில் கேம்பஸில் யாழ்ப்பாணத்து நண்பி ஒருத்தி, அங்கே நெட்டையான பெண்ணை "பனைமரம்" என்று சொல்லிக் கேலி பண்ணுவாங்க என்றாள். பனை அவர்களுக்கு எல்லாமும். அதுவே கேலிக்கும் ஆகியிருக்கு. எங்க ஊரில் பனையும் இல்லை, அதனால் லைட் போஸ்ட்.

சுண்டெலி வந்தது குவைத்திலிருந்து. எங்களில் ஒருத்தியின் சித்தி அங்கே வீட்டு வேலை. கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ் அக்கா ஒருத்தர் லீவு நாள் முழுக்க ஃபோனில் கூடைப்பந்து பார்ப்பாராம். நாங்க வலைப்பந்து ஆடுறோம் என்று சித்தி சொல்ல, அந்த அக்கா ஒரு வீடியோவை அனுப்பச் சொல்லியிருக்கிறார். "ஒங்க புள்ளைங்கள இவர பார்க்கச் சொல்லுங்க" என்று.

ஜிம்மி அலபாக். ஐந்தடி ஒன்பது. பட்டப்பெயர் மைட்டி மவுஸ், வல்லமைச் சுண்டெலி என்று நாங்க வைத்துக்கொண்டோம். கலிபோர்னியாவில் பிலிப்பினோத் தாய் தகப்பனுக்குப் பிறந்து, அமெரிக்காவில் யாரும் கண்டுகொள்ளாத உயரத்தோடு பெற்றோரின் நாட்டுக்கு வந்தவர். அங்கே கூடைப்பந்து இங்கே கிரிக்கெட் மாதிரி, அதைவிடவும் மேல. அமெரிக்கா ஆண்ட காலத்தில் பள்ளிக்கூடங்கள் வழியாகப் பரவின விளையாட்டு. தெருவுக்குத் தெரு, தென்னை மரத்திலும் வளையம் அடித்து ஆடுவார்கள். 1975இல் தொடங்கின அவர்களுடைய லீக்தான் ஆசியாவிலேயே முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். உலகத்திலேயே சராசரி உயரம் குறைந்த சனங்களில் ஒன்று, உயரமானவர்களின் விளையாட்டை இப்படித் தலையில் வைத்துக் கொண்டாடுவதை நினைத்தால் எங்களுக்கு ஒரு மாதிரி சந்தோஷமா இருக்கும்.

அலபாக் 2003இல் அந்த லீக்கில் ஆட வந்து அந்த வருஷத்துச் சிறந்த புதுமுகமானார். 2011இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர். ஆனால் அந்த அக்கா அனுப்பினது 2013 ஓகஸ்ட் மேட்ச். மணிலாவில் ஆசியப் போட்டியின் அரையிறுதி, எதிரே தென் கொரியா. கொரியாவிடம் முக்கியமான நேரத்திலெல்லாம் தோற்றுப் பழகின நாடு பிலிப்பைன்ஸ். இதில் ஜெயித்தால் உலகக் கிண்ணம், 1978க்குப் பிறகு முதல் தடவை. நடு ஆட்டத்தில் அணியின் நெட்டையான சென்டர் காயப்பட்டு வெளியே போயிட்டார். இனி யார் வளையத்துக்குக் கீழே நிற்பது? அந்த நேரத்தில்தான் முப்பத்தைந்து வயசுச் சுண்டெலி கடைசி நிமிஷங்களில் தூரத்திலிருந்து மூன்று புள்ளிப் பந்துகளைப் போடுகிறது. 86க்கு 79. அரங்கத்தில் கத்துகிற சத்தத்தில் ஃபோன் ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் ஸ்பெயினில் உலகக் கிண்ணம். செனகலை ஓவர்டைமில் 81க்கு 79 என்று வென்றார்கள். உலகக் கிண்ணத்தில் நாற்பது வருஷத்துக்குப் பிறகு பிலிப்பைன்ஸின் முதல் வெற்றி. அலபாக் பிற்பாடு பயிற்சியாளராகி, என்.பி.ஏ.யில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியின் பயிற்சிக் குழு வரைக்கும் போனார்.

எங்களில் ஆறு பேருக்கு அவர் கடவுள் மாதிரி ஆகிவிட்டார். ஜி.எஸ்.ஸுக்குத் தர்ஜினி, எங்களுக்கு அலபாக். குள்ளம் என்றாலும் பாஸ் போடத் தெரிந்தால் போதும், மூளை இருந்தால் போதும் என்று பேசிக்கொள்வோம். ஜி.எஸ். ஒருநாள் தான் ஒரு விஷயம் சொன்னாள்: "ஏன்டி, அவரு ஐந்தடி ஒன்பது. என்னவிட ஒரு இஞ்சி கூட. அவரு எலின்னா நீங்கல்லாம் என்னா?" நாங்க வாயடைத்துப் போனோம். உண்மைதானே. உலகமே குள்ளம் என்று சொல்கிற மனுசன் எங்க லயத்துக்கு வந்தால் கதவில் தலை இடித்துக்கொள்வார்.

2018 நடுவில் வலய மட்டப் போட்டி. அதற்குள் ஜி.எஸ்.ஸின் முதுகு நிமிர்ந்திருந்தது. எப்போது நிமிர்ந்தது என்று எங்களுக்கே தெரியாது. மைதானம் சமமாக இருந்ததால் முதல் ஆட்டத்தில் எங்களுக்குக் கால் சரியாக வரவில்லை, சரிவில் ஓடிப் பழகின கால். இரண்டாவது ஆட்டத்திலிருந்து சரியாச்சு. மேல போடு, மேல போடு, அவ்வளவுதான் எங்க திட்டம். அவள் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்க சப்பாத்தைப் பார்த்துச் சிரித்தது மூன்றாவது ஆட்டத்தில் நின்றது.

கடைசி ஆட்டம், கடைசி நிமிஷம், ஒரு கோல் பின்னால். பந்து எங்க கையில். ஜி.எஸ். கை தூக்கி நிற்கிறாள். மூன்று செக்கன். நாங்க கீழே கொடுத்தோம். மேலே போட்டால் வெளியே போயிடுமோ என்று ஒரு பயம். நெஞ்சு உயரத்துக்குப் போன பந்தை எதிராளி தட்டினாள், விசில் ஊதிட்டாங்க. அந்தப் பந்தைக் கொடுத்தது எங்களில் யார் என்று இன்றுவரை நாங்க பேசினதில்லை. இந்தக் கட்டுரையிலும் சொல்லப் போவதில்லை. நாங்கதான்.

அடுத்த சுற்றுக்குப் போயிருந்தால் கண்டியில் மாகாண மட்டம். அங்கே அவளை யாராவது பார்த்திருப்பாங்களா, பார்த்திருந்தால் ஏதாவது நடந்திருக்குமா என்று பேச ஆரம்பித்தால் எங்க பேச்சு ராத்திரி வரைக்கும் போகும். அந்த செப்டெம்பரில் இலங்கை கிண்ணம் எடுத்த செய்தி பேப்பரில் வந்தது. அந்த டிசம்பரில் நாங்க ஓ.எல். எழுதினோம். ஜனவரியில் அவள் கொழும்பில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போயிட்டாள். மேல் தட்டிலிருந்து துணி எடுக்க ஏணி தேவையில்லை என்று முதலாளிக்கு அவளைப் பிடித்துப்போச்சாம். அதைச் சொல்லிச் சிரித்தாள். கொரோனாவில் கடை மூடினதும் திரும்பி வந்தாள், தோட்டத்தில் பேர் பதிந்தாள், கல்யாணம் ஆச்சு. எங்களில் இரண்டு பேர் மட்டும் கேம்பஸ் வந்தோம்.

2022 செப்டெம்பர் 11. எண்ணெய் வரிசை, மாவு விலை, கரண்ட் வெட்டு எல்லாம் பார்த்து முடிந்த வருஷம். அன்றைக்கு ராத்திரி துபாயில் இலங்கை பாகிஸ்தானை அடித்து கிரிக்கெட் ஆசியக் கிண்ணம் எடுத்தது, ஊரெல்லாம் பட்டாசு. அதே நாள், அதற்கு முன்னாடியே, சிங்கப்பூரில் இலங்கைப் பெண்கள் சிங்கப்பூரை 63க்கு 53 என்று அடித்து வலைப்பந்து ஆசியக் கிண்ணத்தை எடுத்து முடித்திருந்தார்கள். நாற்பதை ஒட்டிய வயசில் தர்ஜினி அப்பவும் வளையத்துக்குக் கீழே. ஜி.எஸ். கோல் எடுத்தாள். பின்னால் கைப்பிள்ளை அழுகிற சத்தம், அதற்கும் பின்னால் பட்டாசு. "பார்த்தீங்களாடி?" என்றாள். பார்த்தோம் என்றோம். "அந்த அக்கா இன்னும் நிக்கிறாங்க" என்றாள். கிரிக்கெட்டைப் பற்றி அவளும் பேசல, நாங்களும் பேசல.

கேம்பஸில் ஒரு பாடத்துக்குப் புள்ளிவிபரம் தேடும்போது ஒரு எண் கண்ணில் பட்டது. 2016 குடித்தொகை சுகாதார ஆய்வு. ஐந்து வயசுக்குக் கீழான பிள்ளைகளில், வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் நூற்றுக்கு 32 பேர். நாங்க இரண்டு பேரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டு இருந்தோம். குள்ளம் என்பது எங்க சாதி, எங்க பரம்பரை, எங்க மலைக் குளிர் என்றெல்லாம் சொல்லி வளர்த்தாங்க. அம்மா வயிற்றில் இருக்கும்போது அம்மா கொழுந்துக் கூடையோடு மலை ஏறினது, ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும், பிள்ளைக்காம்பராவில் தூங்கின மதியம், பீலித் தண்ணியில் வந்த வயிற்றோட்டம் எல்லாம் சேர்ந்து எத்தனை இஞ்சி என்று யாரும் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை. அலபாக் கதை எங்களுக்கு ஏன் அவ்வளவு இனித்தது என்று அப்போதுதான் கொஞ்சம் சந்தேகம் வந்தது. "குள்ளமா இருந்தாலும் பரவாயில்ல" என்பது பிலிப்பைன்ஸ்காரருக்குச் சரியாக இருக்கலாம், அந்த மனுசன் உழைத்தார். எங்களுக்கு அது பரவாயில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இருக்கிற மாதிரி தெரியல. எங்களுக்கேகூட. இதற்காக அந்த மேட்சைப் பார்க்கிறதை விடல, அது வேற.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனோம். ஜி.எஸ்.ஸின் மகளுக்கு மூன்று வயசு. இஸ்தோப்பில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் கிளினிக் அட்டையை எடுத்துக் காட்டினாள். மிட்வைஃப் மிஸ் புள்ளி வைத்து வைத்து வரைந்த கோடு. எடைக்கு ஒரு பக்கம், உயரத்துக்கு ஒரு பக்கம். உயரக் கோடு பச்சைக்குள்ளேயே போய், இரண்டு வயசுக்கிட்ட கொஞ்சம் படுத்து, பிறகு திரும்ப ஏறியிருக்கு. படுத்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, "இது மாவு வெல ஏறின நேரம் இல்ல, இது எனக்கு வேல இல்லாத மூணு மாசம்" என்றாள். முட்டை வாங்குகிற காசுக்காக அவள் காதுத் தோட்டை அடகு வைத்ததை அவளுடைய அம்மா உள்ளேயிருந்து சொன்னார். திட்டுகிற மாதிரிதான் சொன்னார்.

பின்னேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டுக்குப் போனோம். கம்பம் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. வளையத்தில் வலை இல்லை. பிள்ளைகள் கொண்டுவந்த பந்து ஒன்றை வாங்கி, ஜி.எஸ். மகளை இறக்கிவிட்டு, வளையத்துக்குக் கீழே போய் நின்றாள். ரப்பர்ச் செருப்பு, மலைக்குப் போட்டுப் போகிற பழைய சட்டை. முதுகு நேரா இருந்தது. கையைத் தூக்கினாள்.

"மேல போடுங்கடி" என்றாள். "இந்த தரமாவது."

போட்டோம். ரொம்ப மேல போயிடுச்சு. அவள் விரல் நுனியில் பட்டு, பின்னால் விழுந்து, தேயிலைக்குள் உருண்டு, கீழே ஓடைப் பக்கம் போனது. அவள் மகள் கைதட்டிச் சிரித்தாள்.

"யாரு போட்டதோ அவங்கதான் எடுக்கணும்" என்றாள் ஜி.எஸ்.

நாங்க ரெண்டு பேரும் இறங்கினோம். மழை பெய்து ஓய்ந்த நேரம். முதல் நாலு எட்டிலேயே காலில் அட்டை.